மலைச் சரிவில் பின்னச்சு: கொத்மலைத் தோட்ட லொறிகளின் இழுவைப் பிரச்சினை பற்றிய ஒரு நோக்கு

கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் வீதியில் புசல்லாவையைக் கடந்தபின் தவலந்தன்னை என்னும் சந்தி வருகிறது. தவலம் என்பது பொதிமாட்டு அணியைக் குறிக்கும் சொல். மாடுகளின் முதுகிலே பொதியேற்றி மலையேறியவர்கள் தங்கி இளைப்பாறிய சமதரை என்ற நினைவு அப்பெயரில் எஞ்சியுள்ளது. இன்று அச்சந்தியில் நிற்போரின் கண்முன்னே கொழுந்து லொறிகளும், தொழிலாளரை ஏற்றிய உழவு இயந்திர இழுவைப் பெட்டிகளும், தோட்ட நிர்வாகிகளின் ‘டபுள் கெப்’ வண்டிகளும் செல்கின்றன. பொதிமாட்டிலிருந்து லொறி வரையான இம்மாற்றம் கூலி, ஏற்றுமதி, நிலவுடைமை என்னும் தலைப்புகளிலே பலராலும் ஆராயப்பட்டுள்ளது. ஆனால் லொறியின் அடியிலே, குனிந்து பார்த்தாலன்றிக் கண்ணுக்குப் புலப்படாத இடத்தில், எண்ணெய் கசிந்து சேறு அப்பிய இரும்புக் குடமொன்று தொங்குகிறது. அக்குடத்தைப் பற்றியதே இக்கட்டுரை.

பின்னச்சின் நடுவேயுள்ள அந்த உறுப்பைச் சாரதிகள் ‘டிபரன்சல்’ என்பர். வேறுபாட்டுப் பல்லிணை என அதனைத் தமிழாக்கலாம். எனினும் தொழிலாளர் நாவில் வழங்கும் சொல்லையே நாம் இங்கு கையாளுகின்றோம். இலக்கியமும் வரலாறும் பேசும் ஏடொன்றில் இதற்கு என்ன இடம் எனச் சிலர் வினவக்கூடும். தோட்டத் தொழிலாளரின் அன்றாட வாழ்வில் உயிருக்கும் உடலுக்கும் நேரும் இடர்களுள் ஒரு பகுதி இவ்விரும்புக் குடத்தின் அமைப்போடு தொடர்புடையது. அவ்வமைப்பை விளங்கிக்கொள்ளாது ‘விதி’ என்றும் ‘சாரதியின் கவனக்குறைவு’ என்றும் பேசிக் கலைந்துவிடுவது நமது சமூகத்தில் வழக்கமாகிவிட்டது.

அச்சு ஏன் இரண்டாகப் பிரிந்தது?

மாட்டுவண்டிக்கு டிபரன்சல் தேவைப்படவில்லை. அதன் அச்சு அசையாது நிற்க, இரு சில்லுகளும் தத்தம் போக்கிற் சுழல்கின்றன. இழுப்பது மாடு, சில்லு வெறுமனே உருள்கிறது. புகைவண்டியில் நிலைமை வேறு. 1874 இல் நாவலப்பிட்டிக்கும், 1884 இல் ஹட்டனுக்கும், 1885 இல் நானுஓயாவுக்கும் வந்துசேர்ந்த இருப்புப் பாதையிலே ஓடும் பெட்டிகளின் சில்லுகள் அச்சோடு இறுகப் பொருத்தப்பட்டவை. அவை வளைவிற் செல்வது எவ்வாறெனின், சில்லின் விளிம்பு சற்றே கூம்பு வடிவாகச் சீவப்பட்டுள்ளது. வளைவில் அச்சு வெளிப்புறமாக நகரும்போது வெளிச்சில்லு தனது பருத்த பகுதியாலும் உட்சில்லு மெலிந்த பகுதியாலும் தண்டவாளத்தைத் தொடுவதால், ஒரே சுற்றில் இரண்டும் வெவ்வேறு தூரம் செல்கின்றன.

இயந்திரத்தின் வலுவைச் சில்லுக்கு ஊட்டித் தார் வீதியிலே வண்டியோட்ட முற்பட்டபோதுதான் உண்மையான சிக்கல் எழுந்தது. ரம்பொடையின் கொண்டையூசி வளைவொன்றை எடுத்துக்கொள்வோம். லொறியின் பின்சில்லுகளுக்கிடையே 1.6 மீற்றர் இடைவெளி உண்டெனவும், உட்சில்லு 8 மீற்றர் ஆரையுள்ள வட்டத்தில் அரைவட்டம் திரும்புகிறதெனவும் கொண்டால், உட்சில்லு சுமார் 25 மீற்றரும் வெளிச்சில்லு சுமார் 30 மீற்றரும் ஓடவேண்டும். இவ்வைந்து மீற்றர் வேறுபாடு வளைவின் ஆரையைப் பொறுத்ததன்று என்பது சுவையான கணித உண்மை. வளைவு குறுகியதாயினும் அகன்றதாயினும், அரைவட்டம் திரும்பினால் வேறுபாடு அதுவேதான். இரு சில்லுகளும் ஒரே தண்டில் இறுகியிருந்தால் ஒவ்வொரு வளைவிலும் ஐந்து மீற்றர் தூரத்துக்கு ஏதோவொரு டயர் தேய்ந்தே ஆகவேண்டும். தண்டு முறுகவும் வேண்டும்.

இதற்கான தீர்வை 1820களின் பிற்பகுதியில் பிரான்சைச் சேர்ந்த ஒனெசிபோர் பெக்கர் நீராவி வண்டிக்காக வகுத்தார். 1877 இல் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஸ்டார்லி இதே தத்துவத்தை மிதிவண்டி வகையொன்றில் புகுத்தினார். அருகருகே அமர்ந்து மிதித்த இருவரின் வலு சமமின்றி இருந்தமையால் வண்டி ஒருபக்கமாக இழுபட்டதே அவரைச் சிந்திக்கத் தூண்டியதென்பர்.

அமைப்பு இதுதான். கியர்ப் பெட்டியிலிருந்து வரும் நீண்ட தண்டின் நுனியிலுள்ள ‘பினியன்’ என்னும் சிறு பற்சில்லு, ‘கிரவுன்’ என்னும் பெரிய பற்சில்லைச் சுழற்றுகிறது. பினியன் ஆறு முறை சுழல, கிரவுன் ஒரு முறை சுழலுமாயின், வேகம் ஆறிலொன்றாகக் குறைந்து முறுக்கு விசை ஆறு மடங்காகிறது. கிரவுனோடு இணைந்த கூண்டினுள்ளே சிறு பற்சில்லுகள் சில குறுக்குத் தண்டிலே கோக்கப்பட்டு, இடமும் வலமுமுள்ள அரைத்தண்டுகளின் முனைப் பற்களோடு கவ்வி நிற்கின்றன. நேர்வீதியிற் சிறு பற்சில்லுகள் தம்மைத்தாமே சுற்றாது கூண்டோடு போகின்றன. வளைவில் அவை சற்றே உருண்டு, ஒரு சில்லிடமிருந்து குறைத்த வேகத்தை மற்றதற்குக் கூட்டிவிடுகின்றன.

இதனை நுகத்தடியோடு ஒப்பிடலாம். இரு மாடுகள் பூட்டிய நுகம் நடுவில் ஒரே முளையிலே திரும்பக்கூடியதாக இருந்தால், ஒரு மாடு முந்தவும் மற்றது பிந்தவும் முடியும். ஆனால் ஒன்றை மறந்துவிடலாகாது. ஒரு மாடு இழுக்க மறுத்தால், மற்ற மாடு எவ்வளவு வலிமையுடையதாயினும் நுகம் திரும்பிப்போகுமேயன்றி ஏர் நகராது. இழுக்காத மாடு எவ்வளவு இழுக்கிறதோ, இழுக்கும் மாடும் அவ்வளவே இழுக்க இயலும். டிபரன்சலின் இயல்பும் அதுவே. வேகத்தில் அது வேறுபாட்டை அனுமதிக்கிறது. விசையில் அது சமத்துவத்தைக் கட்டாயப்படுத்துகிறது. அச்சமத்துவமோ வலியவனின் அளவிலன்று, நலிந்தவனின் அளவிலேயே நிகழ்கிறது.

சரிவும் சேறும்: ஒரு கணக்கு

தோட்டத்து உள்வீதிகள் தார் வீதிகளல்ல. தென்மேற்குப் பருவமழையின்போது அவற்றின் ஒரு தடம் கல்லிலும் மற்றத் தடம் கானோரத்துக் களிமண்ணிலும் அமைவது சாதாரணம். ஏழு தொன் மொத்த நிறையுள்ள லொறியொன்று எட்டுக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் ஏறுவதாகக் கொள்வோம். நிறையின் எட்டிலொரு பங்கு, அதாவது 875 கிலோகிராம் விசை, ஏற்றத்துக்கு மட்டும் வேண்டும். மண்பாதையின் உருளல் தடை நூற்றுக்கு நான்கு என மதித்தால் மேலும் 280. மொத்தம் 1155. பாரமேற்றிய லொறியின் நிறையில் நூற்றுக்கு எழுபது பின்னச்சிலே விழுமாயின், ஒவ்வொரு பின்பக்கமும் 2450 கிலோகிராமைத் தாங்கும். கல்லிலுள்ள பக்கத்தின் உராய்வுக் குணகம் 0.5 எனவும், வழுக்கும் களியிலுள்ள பக்கத்துக்கு 0.1 எனவும் கொள்க. கல்லிலுள்ள சில்லு 1225 கிலோகிராம் விசைவரை பற்றவல்லது. களியிலுள்ளது 245 மட்டுமே. சாதாரண டிபரன்சலில் இரு பக்கமும் களியின் அளவையே பெறும் என முன்னரே கண்டோம். எனவே கிடைப்பது 245 இன் இருமடங்கு, 490 மட்டுமே. வேண்டியதோ 1155. லொறி நிற்கும், களியிலுள்ள சில்லு வெறித்தனமாகச் சுழலும், கல்லில் நிற்கும் நல்ல சில்லு ஒன்றும் செய்யாது சும்மா நிற்கும்.

இரு அரைத்தண்டுகளையும் ஒன்றோடொன்று பூட்டிவிட்டால் என்னவாகும்? ஒவ்வொரு சில்லும் தன்னால் இயன்றதைத் தரும். 1225 உம் 245 உம் சேர்ந்து 1470. லொறி ஏறிவிடும். இதைச் செய்யும் பூட்டு பல்லுள்ள வளையமொன்றேயாகும். அதில் விந்தை எதுவுமில்லை.

வெற்று லொறியின் கதை இன்னும் விந்தையானது. பாரமில்லா லொறியின் நிறை மூன்று தொன் எனவும், அதில் நூற்றுக்கு நாற்பத்தைந்து, அதாவது 1350 கிலோகிராம், பின்னச்சில் விழுகிறதெனவும் கொள்வோம். இம்முறை பாதை முழுவதும் ஒரே சீரான ஈரமண், குணகம் 0.3. இரு சில்லும் சேர்ந்து தரக்கூடியது 405. அதே ஏற்றத்துக்கு வேண்டியது 375 உம் 120 உம் ஆக 495. வெற்று லொறி ஏறமாட்டாது. பூட்டு இருந்தாலும் பயனில்லை. இங்கு குறை பகிர்வில் அன்று, நிறையில். இப்போது சராசரி 50 கிலோகிராம் நிறையுள்ள இருபது பேர் பின்தட்டிலே ஏறி நிற்கட்டும். மொத்தம் நான்கு தொன். வேண்டிய விசை 660 ஆக உயர்கிறது. ஆனால் அவ்வாயிரம் கிலோகிராமில் 900 பின்னச்சின் மேலேயே விழுவதால் பின்னச்சின் பாரம் 2250 ஆகி, கிடைக்கும் விசை 675 ஆகிறது. லொறி ஏறிவிடுகிறது!

மேலே தந்த எண்கள் விளக்கத்துக்காக நாம் எடுத்துக்கொண்டவை. வண்டிக்கு வண்டி, வீதிக்கு வீதி அவை மாறும். ஆனால் அவை காட்டும் உறவு மாறாது. கொத்மலைப் பகுதித் தோட்டமொன்றில் மழைநாளொன்றின் காலையில் நாம் கண்ட காட்சிக்கும் அதுவே விளக்கம். மேட்டின் அடிவாரத்தில் லொறி வழுக்கி நின்றது. நடந்து மலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்களை உத்தியோகத்தர் ஒருவர் அழைத்தார். “ஏறுங்க, எல்லாரும் பின்னுக்கு நில்லுங்க” என்றார். கூடைகளோடு அவர்கள் ஏறினர். பிடித்துக்கொள்ளக் குறுக்குக் கம்பிகூட அத்தட்டில் இல்லை. ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொண்டனர். லொறி ஏறியது. மேட்டின் உச்சியில் அவர்கள் இறக்கிவிடப்பட்டனர், மேற்கொண்டு லொறி செல்லும் வழி அவர்களின் மலைக்குப் போகும் வழியன்று. வேலைக்கு வந்த பெண்களின் உடல்நிறை அங்கு வேலையாகவே பயன்பட்டது. ஆனால் எந்தப் பேரேட்டிலும் பதியப்படவில்லை. கொழுந்தின் நிறையைக் கிராம் கணக்கில் மடுவத்தில் நிறுக்கும் அமைப்பு, கொழுந்து பறிப்பவளின் நிறையை இவ்வாறு இலவசமாக எடுத்துக்கொள்கிறது. உபரி உழைப்பு என்பதற்கு இதைவிட நேரடியான பொருள் வேறு இருக்க முடியாது என்று எமக்குப் பட்டது.

அந்நிலையில் ஆபத்து எத்தகையது என்பதையும் கூறியாகவேண்டும். சில்லு திடீரெனப் பிடிமானம் பெற்றால் லொறி முன்னோக்கி எகிறும். பின்தட்டில் நிற்பவர் பின்னோக்கிச் சரிவர். இருபது பேர் நின்றால் வண்டியின் புவியீர்ப்பு மையமும் உயர்கிறது. அதாவது பின்னச்சின் பற்றைக் கூட்டுவதற்காக வண்டி கவிழும் வாய்ப்பும் கூட்டப்படுகிறது.

பூட்டு யாருக்கு?

டிபரன்சற் பூட்டு புதிய கண்டுபிடிப்பன்று. நமது நாட்டில் நன்கு அறிமுகமான மாசி பெர்குசன் 135 உழவு இயந்திரத்திலே ஓட்டுநரின் காலருகில் அதற்கென மிதியொன்று உண்டு. மிதித்திருக்கும் வரை இரு பின்சில்லும் ஒன்றாகச் சுழலும், காலையெடுத்தால் விடுபடும். வயலில் உழும்போது ஒரு சில்லு சாலிலும் மற்றது மேட்டிலும் ஓடுவதால், சில்லு வழுக்கும் வேளையில் அது பெரிதும் உதவுகிறது. வழுக்கலைத் தானாகவே கட்டுப்படுத்தும் வகையொன்றும் உண்டு. அதில் உராய்வுத் தட்டுகள் அரைத்தண்டுகளைக் கூண்டோடு ஓரளவு இறுக்கிப் பிடிக்கின்றன. இவ்வகை 1930களில் ஜெர்மனியில் ஆட்டோ யூனியன் பந்தயக் கார்களுக்காக விருத்தி செய்யப்பட்டது. வளைவை விட்டு விரைந்து வெளியேறும் வண்டியில் உட்சில்லு வெறுமனே சுழல்வதைத் தடுப்பதே நோக்கம். சேற்றிற் சிக்கிய பாரவண்டிக்கு மிகவும் வேண்டிய பொருள் பந்தயப் பாதையிலே வளர்ந்தது. தொழில்நுட்ப வரலாற்றில் இத்தகைய முரண்கள் அரிதல்ல. 1958 இல் அமெரிக்கரான வேர்னன் கிளீஸ்மன் உராய்வுத் தட்டின்றிச் சுருட்பற்களாலேயே இதைச் சாதிக்கும் அமைப்பொன்றை வகுத்தார். பிற்காலத்தில் மின்னணுக் கட்டுப்பாடு வந்தது. வெறுமனே சுழலும் சில்லை மட்டும் தானாகத் தடுப்புப் பிடித்து, டிபரன்சலை ஏமாற்றி, நல்ல சில்லுக்கு விசை அனுப்பும் முறை அது.

இவ்விறுதி முறையைக் காணும்போது நமது பழைய சாரதிகளின் நினைவு வருகிறது. சிறு பிக்கப் வண்டிகளில் கைத்தடுப்பு பின்சில்லுகள் இரண்டையும் கம்பியாற் பிடிக்கும். சேற்றில் ஒரு சில்லு சுழலத் தொடங்கினால், சாரதி கைத்தடுப்பை அரைகுறையாக இழுத்துக்கொண்டே மெதுவாக வேகங் கொடுப்பார். சுழலும் சில்லுக்குச் செயற்கையாக ஒரு தடை உண்டாகிறது, அதே அளவு விசை மறுபக்கத்துக்கும் போகிறது, வண்டி வெளிவருகிறது. பொறியியல் நூலெதனையும் படியாதவர்கள் கண்டறிந்து கைமாற்றிய அறிவு இது. கணினி செய்வதும் இதையேதான், சற்று நுட்பமாக.

மலைநாட்டில் இப்பூட்டு எந்த வண்டியில் இருக்கிறது, எதில் இல்லை என்று நோக்குமிடத்து ஓர் ஒழுங்கு தென்படும். நிர்வாகிகளும் அதிகாரிகளும் பயணஞ் செய்யும் டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற டீசல் டபுள் கெப் வண்டிகள் நான்கு சில்லும் இழுப்பவை; அவற்றுட் பலவற்றில் பின்னச்சுப் பூட்டும் உண்டு. ஐந்து பேரையும் சில கோப்புகளையும் கொண்டுசெல்லும் வண்டிக்கு நான்கு சில்லின் இழுவை கிடைக்கிறது. தொன் கணக்கிற் கொழுந்தையும், பல வேளைகளில் அதன்மேல் மனிதரையும் சுமக்கும் லொறியோ பெரும்பாலும் இரு சில்லாலேயே, பூட்டில்லாத டிபரன்சலோடு ஏறுகிறது. சமவெளி வீதிக்கென வடிவமைத்த மலிவான லொறியை மலைக்கு வாங்குவது கொள்வனவுப் பட்டியலில் சேமிப்பாகத் தெரியும். மிஞ்சிய செலவைத் தள்ளுவோரின் தோளும், பின்தட்டில் நிற்போரின் உடலும் ஈடுசெய்கின்றன.

பூட்டையே சர்வரோக நிவாரணியாகக் காட்டுவது நமது எண்ணமன்று. இறுகிய வீதியிலே பூட்டிய அச்சோடு வளைவெடுத்தால் வண்டி நேரே போகவே முனையும். அரைத்தண்டு முறியவும் கூடும். பக்கவாட்டில் சரிந்த ஈரப்பாதையிலோ இரு சில்லும் ஒருங்கே சுழன்று, வண்டியின் பின்பகுதி முழுதும் பள்ளத்தை நோக்கி வழுக்கும். பூட்டாத அச்சில், ஒரு சில்லு சுழல மற்றது சும்மா நிற்கிறதென மேலே குறை கூறினோம்; சரிந்த பாதையில் அச்சும்மா நிற்கும் சில்லே வண்டியைப் பக்கவாட்டில் பிடித்துவைக்கிறது. ஆகவே பூட்டு வேண்டும், அதனை எப்போது விடுவிப்பது என்ற பயிற்சியும் வேண்டும்.

இறக்கத்தில் அதே அச்சு

ஏற்றத்தைப் பற்றி இவ்வளவு கூறினோம். ஏற்றத்தில் நின்றுபோகும் லொறி நேரத்தை விழுங்குகிறது. இறக்கத்தில் நிற்காத லொறி உயிரை விழுங்குகிறது. 2025 மே 11 ஆம் திகதி கொத்மலைக் கரண்டிஎல்லப் பகுதியில் பேருந்தொன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்விபத்தின் காரணத்தை ஆராய்வது நமது நோக்கமன்று. இவ்வீதிகள் எத்தகையவை என்பதை நினைவூட்டவே அதனைக் குறிப்பிட்டோம்.

ஏழு தொன் லொறி 500 மீற்றர் உயரம் இறங்கும்போது விடுவிக்கும் சக்தி, குளிர்ந்த தண்ணீர் நூறு லீற்றரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. இவ்வெப்பம் முழுவதும் தடுப்புகளிலே இறங்கினால் அவை பழுத்துப் பிடிமானம் இழக்கும். அதனாலேதான் ஏறிய கியரிலேயே இறங்கு என்பது மலைச்சாரதிகளின் முதற்பாடமாகிறது. சில்லு பின்னச்சை உருட்ட, பின்னச்சு தண்டை உருட்ட, தண்டு இயந்திரத்தை உருட்ட, இயந்திரம் வண்டியைப் பிடிக்கிறது. ஏற்றத்தில் விசை சென்ற அதே பாதையில் இறக்கத்தில் அது திரும்பி வருகிறது. கிரவுனுக்கும் பினியனுக்கும் உள்ள விகிதம் பெரிதாயின் பிடிப்பும் பெரிது. விரைவு வீதிக்கென விகிதத்தைக் குறைத்த அச்சுள்ள லொறி மலையிறக்கத்திலே தடுப்பை மேலும் நம்பவேண்டியதாகிறது. முன்னாட்களில் பெட்போர்ட் லொறிகளிற் சிலவற்றுக்கு ஈட்டன் நிறுவனத்தின் இருவேக அச்சு கிடைத்தது. ஒரே டிபரன்சலில் மலைக்கொரு விகிதமும் சமவெளிக்கொரு விகிதமும் அதில் அமைந்திருந்தன.

இங்கு ஒரு நுட்பமான ஆபத்து உண்டு, பலர் அறியாதது. ஜப்பானிய நடுத்தர லொறிகள் பலவற்றில் கைத்தடுப்பு சில்லுகளைப் பிடிப்பதில்லை. கியர்ப் பெட்டியின் பின்னே நீண்ட தண்டையே பிடிக்கிறது. அதாவது கைத்தடுப்பின் பிடி டிபரன்சலூடாகவே சில்லை அடைகிறது. ஓர் அரைத்தண்டு முறிந்தால் நுகத்தின் ஒருபக்கம் அறுந்துபோகிறது. அப்போது இழுவை போகிறது, இயந்திரத்தின் பிடிப்பும் போகிறது, கைத்தடுப்பும் போகிறது. மூன்றும் ஒரே கணத்தில். டயர் மாற்றுவதற்காக ஒரு பின்சில்லை உயர்த்தினாலும் இதே நிலைதான்: தரையிலுள்ள சில்லு சுதந்திரமாக உருளும், காற்றிலுள்ள சில்லு எதிர்த்திசையில் சுழன்று அதற்கு இடங்கொடுக்கும். பாரலொறிகளின் அச்சு ‘முழுமிதவை’ வகையினது. அதில் வண்டியின் நிறையை வெளிக்கூடு தாங்க, அரைத்தண்டு சுழற்றும் வேலையை மட்டும் செய்வதால், தண்டு முறிந்தாலும் சில்லு கழன்று ஓடாது. சிறு பிக்கப்புகளின் ‘அரைமிதவை’ அச்சில் தண்டே நிறையையும் தாங்குகிறது. அங்கு முறிவு சில்லையே பறிக்கக்கூடும். பிக்கப் வண்டியில் லொறியின் பாரத்தை ஏற்றும் வழக்கம் நமது தோட்டங்களிலும் கடைவீதிகளிலும் சாதாரணமாகிவிட்ட நிலையில் இதனை அழுத்திக் கூற வேண்டியுள்ளது.

கைத்தடுப்பை நம்பமுடியாததால்தான் ஒவ்வொரு மலைலொறியிலும் மரக்கட்டையொன்று இருக்கிறது. வண்டி நின்றதும் குதித்திறங்கிப் பின்சில்லின் கீழே அதை வைப்பவர் ‘கிளீனர்’. பெரும்பாலும் லயத்துப் பையன். உருளத் தொடங்கும் சில்லுக்கும் மலைக்கும் இடையில் அவனது கை செல்கிறது.

வீதி

இதுவரை அச்சைக் குறை கூறினோம். மேலே தந்த கணக்கிற் பாதிப் பங்கு உராய்வுக் குணகத்துக்குரியது. அது வண்டியின் குணமன்று, வீதியின் குணம். தோட்ட வீதிகள் ஏன் இவ்வாறிருக்கின்றன என்பதற்குச் சட்ட வரலாறொன்று உண்டு. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் முகாமை தனியார் பிராந்தியக் கம்பனிகளிடம் சென்றது. இரு காலங்களிலும் உள்வீதி தோட்டத்தின் ‘உள்விவகாரம்’ என்றே கருதப்பட்டது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபை நிதியைச் செலவிடத் தடையாக நின்றது. பிரதேச சபைக்கு வாக்களிக்கும் குடிமகன் அச்சபையிடம் தன் வீட்டுக்குச் செல்லும் வீதியைக் கேட்க இயலாத நிலை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நீடித்தது. 2018 இலேயே அப்பிரிவு திருத்தப்பட்டது. திருத்தம் வந்ததனால் வீதி வந்துவிடவில்லை என்பதை மலையகத்தார் அறிவர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மலைநாடெங்கும் ஏற்பட்ட மண்சரிவுகள், இருந்த வீதிகளிலும் பலவற்றைத் துண்டித்தன.

முழு வீதிக்கும் தாரிடுவது செலவு மிக்கதுதான். ஆனால் வண்டி வழுக்குவது வீதி முழுவதிலுமன்று; ஒவ்வொரு தோட்டத்திலும் சாரதிகள் விரல்விட்டுச் சொல்லக்கூடிய சில மேடுகளில்தான். அம்மேடுகளில் சில்லோடும் இரு தடங்களுக்கு மட்டும் கரடாகக் கீறிய கொங்கிறீற்றுப் பட்டைகள் இட்டால் போதும். ஈரமான கொங்கிறீற்றின் குணகம் 0.5 எனத் தாழ்த்தியே கொள்வோம். முன்னர் ஏறமாட்டாது நின்ற அதே மூன்று தொன் வெற்று லொறியின் பின்னச்சு 1350 கிலோகிராமைத் தாங்குகிறது. கிடைக்கும் இழுவை 675. இருபது பெண்கள் ஏறி நின்றபோது கிடைத்ததும் இதே 675 தான். வேண்டிய விசையோ, உருளல் தடையும் குறைவதால், 420 அளவிலேயே நிற்கும். வளைவுகளில் மட்டும் இரு பட்டைகள் போதா. அங்கு பின்சில்லு முன்சில்லின் தடத்தைப் பின்பற்றாது உட்புறமாக வெட்டிச் செல்வதால், பட்டைகளுக்கு இடைப்பட்ட மண்ணையும் சேர்த்து முழு அகலத்துக்கும் கொங்கிறீற்று இடவேண்டும். கானின் ஓரத்துக்குக் கல் அணையும் கட்டவேண்டும்.